இரண்டு பாக்கி

எனக்கு நாற்பது வயதில்தான் கூட்டல் கழித்தல் வந்தது. அதுவரை ஒரு கடனை வாங்கி இன்னொரு கடனை அடைத்து, அதற்குக் குடும்ப நிர்வாகம் என்று பெயர் வைத்திருந்தேன். மாநகராட்சியில் துப்புரவு வேலை என்றாலும் மாதச் சம்பளம். மட்டாஞ்சேரியில் எனக்குக் கடன் கொடுக்க ஆட்கள் தேடி வந்தார்கள். அதை மரியாதை என்று நினைத்த மடையன் நான்.

பைக்குக்கு முன்பணம் கட்ட மனைவியின் இரண்டு வளையல்களும் அடகுக்கடைக்குப் போன பிறகு, அவள் ஒரு நோட்டு வாங்கினாள். வரவு, செலவு, பாக்கி என்று மூன்று கட்டம். அவள் தேனிக்காரி, தமிழில் எழுதினாள். நான் இங்கே பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவன், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் ‘பாக்கி 3,200’ என்பது பளிச்சென்று புரிந்தது. நோட்டுக்குள்ளேயே பணமும் இருந்தது. எங்கள் ஊரில் பஸ் கண்டக்டர் திருப்பித் தருவதுதான் பாக்கி. செலவெல்லாம் போக மிச்சம்! என் மனைவி கெட்டிக்காரி என்று மனதாரப் பாராட்டினேன்.

பாராட்டோடு நிறுத்தியிருக்கலாம். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு தோப்பும்படிச் சந்தைக்குப் போய் ஒரு நெய்மீன் வாங்கினேன். திரும்புகிற வழியில், பாட்டுக் கேட்க ஒரு ஸ்பீக்கர். வீட்டுக்குள் நுழையும்போதே அது பாடிக்கொண்டிருந்தது.

“ஏங்க, வட்டி கட்டியாச்சா?” என்றாள்.

“எந்து வட்டி? பாக்கின்னு நீதானே எழுதியிருக்கே? மிச்சம் வந்த பைசா அல்லே?”

“பாக்கின்னா நாம கட்ட வேண்டியதுங்க! இந்த மாசத்தோட கெடு முடியுது. கட்டலைன்னா வளையலை ஏலத்துல விட்டுருவாங்க!”

மீன் கையிலிருந்து வழுக்கியது. மறுநாளே ஸ்பீக்கரை உடன் வேலை செய்யும் சேட்டனிடம் பாதி விலைக்குத் தள்ளினேன். வட்டிக்குக் குறைந்ததை அவரிடமே கடனாகக் கேட்டேன்.

“கணக்கெழுதான் தொடங்கியப்போ கடம் கூடியல்லோடா!” என்று, கணக்கு எழுதப்போய்க் கடன் கூடியதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே கொடுத்தார். வெட்கமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

இப்போது நோட்டில் பாக்கி என்ற சொல்லே கிடையாது. எனக்காக மலையாள எழுத்தைக் கற்றுக்கொண்டு, ‘கட்டணும்’, ‘இருக்கு’ என்று இரண்டு கட்டம் போட்டிருக்கிறாள். முதல் கட்டம் பக்கம் தாண்டி ஓடும். இரண்டாவதில் போன மாதம்தான் முதன்முதலாக நானூறு ரூபாய் விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“இதுல உனக்கு என்ன வேணும், சொல்லு” என்றேன்.

அவள் கையை நீட்டினாள். நானூறை எண்ணி அதில் வைத்தேன்.

“காசு கேக்கலீங்க” என்றாள். “வளையல்.”