எமேசியேட்டட்: எனக்குத் தெரிந்த அர்த்தம்

பிள்ளைகளே, உங்கள் பாடத்தில் வந்த எமேசியேட்டட் என்ற சொல்லுக்கு நேற்று என்னிடம் அர்த்தம் கேட்டீர்கள். நான் அஞ்சாவதோடு நின்றவன். அதுவும் பிரெஞ்சுப் பள்ளி. ஆனால் இந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஆலை வாசலில் உங்கள் மாமா என்னைக் காட்டி அதைச் சொன்ன காலை இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. நான் வேலை பார்த்த நெசவாலைக்கு மதராசிலிருந்து தமிழ் தெரியாத புது மேனேஜர் வந்தார். அவரிடம் இங்கிலீஷில் பேசத் தெரிந்தவர், ஆபீஸ் கிளார்க்கான உங்கள் மாமா ஒருவர்தான். தறிப் பகுதிக்கு மேஸ்திரி வேண்டும் என்றபோது அனுபவத்தில் முன்னால் நின்றவன் நான். அந்த மேஸ்திரி வேலை கிடைக்கும் என்று நம்பித்தான் நம் குடும்பம் இருந்தது.

அப்போது நான் மெலிந்திருந்தேன். அதற்குமுன் மாமா டைபாய்டில் படுத்துக் கிடந்தார். அவர் பிழைக்கவேண்டும் என்று மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டு ஒருபொழுது இருந்தேன். பகலில் ஒரு வேளைச் சோறு, ராத்திரிக்கு வெறும் தண்ணீர். யாருக்காக வேண்டினோமோ அவரே எழுந்துவந்து தன் கையால் இரவுச் சோறு போட்டால்தான் எங்கள் வழக்கப்படி விரதம் முடியும். மாமா ஆபீசுக்குப் போகத் தொடங்கிய பிறகும், "இன்னும் தெம்பு வரல மாப்ள" என்று அந்த நாளைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

மேனேஜர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். மாமா தலையை ஆட்டியபடி அந்த வார்த்தையைச் சொன்னார்.

"என்ன மச்சான் சொன்னீங்க?"

"ஒடம்பப் பாத்துக்கறதில்லன்னு சொன்னேன் மாப்ள."

நோயாளியை எப்படி மேஸ்திரி ஆக்குவது என்று மேனேஜர் என்னை விட்டுவிட்டாராம். மேஸ்திரி ஆனவன் மாமாவின் மூத்த மகன்.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் போய் அர்த்தம் கேட்டேன். "சும்மா ஒல்லியா இருக்கறவன இப்பிடிச் சொல்ல மாட்டாங்கப்பா. சீக்குலயோ பட்டினியிலயோ சதையெல்லாம் கரைஞ்சி, எலும்பும் தோலுமா போனவனுக்குத்தான் டாக்டருங்க எழுதுவாங்க. யாருக்குய்யா?" என்றார். தெரிந்த ஒருத்தருக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். என் பட்டினி யாருக்காக என்று மாமாவுக்குத் தெரியுமே!

அந்த வெள்ளிக்கிழமைதான் மாமா விரதம் முடித்துவைக்க வந்தார். கரண்டியில் சோற்றை அள்ளி, "நல்லா சாப்புடு மாப்ள, தேறிடுவ" என்றார். நான் இலைமேல் கையை வைத்து மறித்தேன்.

"எதனால எனக்கு ஒடம்பு எளைச்சிதுன்னு அவர்கிட்ட சொன்னீங்களா மச்சான்?"

"பையன் எத்தினி நாளைக்கு சும்மா திரிவான், நீயே சொல்லு" என்றார்.

அடுப்படியிலிருந்து வந்த உங்கள் அம்மா, அண்ணன் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள். "நீ போண்ணா" என்று மட்டும் சொன்னாள். பிறகு அவளே எனக்குச் சோறு போட்டாள். என் விரதம் முறைப்படி முடியவில்லை என்று சொந்தத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள். அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிட்டேன்.