ரஸ்மிக்கு ஒரு ஓட்டு

கேஸ் சிலிண்டர் வண்டி ஓட்டும் ரஸ்மியை அறிவாளி என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் ஓட்டுப் போட வேண்டும் என்ற ஆசை ஒரு மனிதனை அவ்வளவு வாட்டி நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தண்ணீர் எப்போது வரும், ரோட்டை எப்போது திறப்பார்கள் என்பதெல்லாம் எங்களைக் கேட்டு நடப்பதில்லை. நாடாளுமன்றத் தேர்தல் நடந்த அன்று ரஸ்மி நாப்லுஸ் சாலையில் ராணுவச் சோதனைச்சாவடியில் வழி விடுவார்களா என்று இருட்டும் வரை நின்றுகொண்டிருந்தார், அதற்குள் ஓட்டுப்பதிவு முடிந்துவிட்டது. அடுத்த தேர்தலுக்குத் தயாராக இருந்தார், தேர்தல்தான் வரவில்லை.

மிச்சம் இருந்தது கிராமசபை. எங்கள் ஊரில் அதற்கும் ஓட்டுப் பெட்டி வந்ததில்லை. குடும்பப் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரே வேட்பாளர் பட்டியலைக் கொடுத்துவிடுவார்கள். எதிர்ப் பட்டியல் இல்லாததால் போட்டியின்றித் தேர்வு. இதற்கு ஒற்றுமை என்று பெயர் வைத்திருந்தோம்.

இந்த முறை ரஸ்மி எதிர்ப் பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிட்டார். ஜெயிக்க அல்ல, தேர்தல் நடக்க. பெரியவர்கள் மேல் கோபமாக இருந்த மைத்துனர்கள் சுலபமாகக் கிடைத்தார்கள். முதல் பெயராகத் தன் பெயரைப் போடக் கூச்சப்பட்டு, மனைவி ஹியாமைத் தலைவியாகப் போட்டுவிட்டார்.

வாபஸ் வாங்கச் சொல்லிக் கேட்க, ஊர்ப் பெரியவர் அபு தர்விஷ் தலைமையில் அவர் வீட்டுக்குப் போனோம். காப்பி வந்தது. யாரும் தொடவில்லை. கேட்டது கிடைத்தால்தான் குடிப்பது எங்கள் வழக்கம். குடிக்காமல் எழுந்து போனால் அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் கிடையாது.

"ஒரே ஒரு தடவை ஓட்டுப் போட்டுக்கிறேனே மாமா. உங்களுக்கே போடுறேன்" என்றார் ரஸ்மி.

"எங்களுக்கே போடுறதுன்னா அப்புறம் தேர்தல் எதுக்குப்பா?"

இதற்கு நல்ல பதில் ஒன்று உண்டு. அங்கிருந்த யாருக்கும், எனக்கும்கூட, அப்போது அது தோன்றவில்லை.

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. ரஸ்மி எதையும் தாங்குவார். தொடாத கோப்பையைத் தாங்க மாட்டார். வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். நாங்கள் குடித்தோம்.

கடைசிக் கோப்பையும் காலியாகும் வரை ஹியாம் தட்டோடு காத்திருந்தாள்.

"இவரு தாராளமா வாங்கிக்கட்டும். பட்டியல் என் பேர்ல இருக்கு. என்னை யாரும் ஒண்ணும் கேக்கலையே."

"இப்பக் கேக்குறேன், ஹாதிம் அம்மா" என்றார் அபு தர்விஷ், மூத்த மகன் பெயரைச் சொல்லி மரியாதையாக.

"குடிச்சிட்டுக் கேக்குறீங்களே மாமா."

அபு தர்விஷ் தன் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். குடிக்காமல் வைப்பதற்காக இன்னொரு கோப்பை கேட்டு வாங்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

தேர்தல் நடந்தது. பள்ளிக்கூடத்தில் தடுப்புக்குப் பின்னால் போன ரஸ்மி வெளியே வரவில்லை. வரிசை முணுமுணுத்தது. ஏதாவது புரியவில்லையா என்று அதிகாரி கேட்டார்.

"எல்லாம் புரியுது. கொஞ்சம் இருந்துட்டு வரேன்" என்றது உள்ளிருந்து குரல்.

பெரியவர்கள் ஜெயித்தார்கள், ஹியாமுக்கும் ஓர் இடம் கிடைத்தது. யாருக்குப் போட்டாய் என்று இரு தரப்பும் ரஸ்மியைத் துளைத்தன. 'உங்களுக்கே போடுறேன்' என்று சொன்னதை அபு தர்விஷ் நினைவுபடுத்தினார். ஹியாம் இரண்டு வாரம் புருஷனிடம் பேசவில்லை. ரகசியம் என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

என்னிடமும் சொல்லவில்லை. இத்தனைக்கும் நான் எதிர்வீட்டுக்காரன்.