விரல் நுனி அளவு

பேத்திக்கு ஐந்து நாள் காய்ச்சல். ஆறாம் நாள் காலையில் காய்ச்சல் இறங்கியது, மாலையில் தோலில் சிவந்த தடிப்புகள் கிளம்பின. பிறந்ததிலிருந்தே அவளுக்கு முழங்கை மடிப்பில் லேசான கரப்பான் உண்டு. டாக்டர்கள் எக்ஸிமா என்பார்கள். இரண்டே இடம்தான் என்பதால் நான் அதைப் பொருட்படுத்தியதில்லை. அன்று மாலை எண்ணிப் பார்த்தேன், ஒன்பது இடம். மறுநாள் பதினான்கு. மூன்றாம் நாள் எண்ண முடியவில்லை. கால்கள் முழுவதும் ஒரே இடமாகிவிட்டன.

எண்ணுவதுதான் என் உத்தியோகமாக இருந்தது. புள்ளியியல் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் அறுவடைக் காலத்தில் வயலில் இறங்கி, ஐந்துக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்த நெல்லை மட்டும் அடித்து நிறுத்து, அதை வைத்து வட்டாரத்துக்கே விளைச்சல் சொல்வோம். கயிறு ஒரு சாண் குறைந்தால் ஊர்க் கணக்கே குறைந்துபோகும். அதனால் வயலில் இறங்குமுன் கயிற்றை அளந்து பார்க்காமல் இருக்கமாட்டேன்.

மனைவி இறந்தபின் தல்லாகுளத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். மகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மருமகன் ஓசூரில் வேலை பார்க்கிறார், மாதம் ஒருமுறை வருவார். பகல் முழுவதும் பேத்தியும் நானும்தான். அவளுக்கு நான்கு வயது.

கோரிப்பாளையத்துக்குப் பக்கத்தில் தோல் டாக்டரம்மா ஒருவரிடம் போனோம். அவர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். தன் ஆள்காட்டி விரலை நீட்டி, நுனியிலிருந்து முதல் கோடு வரை காட்டினார்.

"பெரியவங்க விரல்ல இம்புட்டு நீளம் பிதுக்கணும் சார். அது உங்க உள்ளங்கை ரெண்டு சேர்ந்தா எவ்வளவோ, அவ்வளவு தோலுக்குத்தான் வரும். அந்தக் கணக்குல எல்லா இடத்துக்கும் வைங்க. வாசலின் எவ்வளவு வேணாலும் தடவலாம்."

"அளவப் பத்திக் கவலையே வேணாம் டாக்டர்," என்றாள் மகள். "எங்கப்பா ரசத்துக்கு உப்பையே எண்ணித்தேன் போடுவாரு."

டாக்டரம்மா சிரித்தார். எழுந்தபோது இன்னொன்றும் சொன்னார். "சொறிஞ்ச இடத்துல கிருமி ஏறுச்சுன்னா காய்ச்சல் திரும்ப வரும். வந்தா அன்னைக்கே தூக்கிட்டு வந்துரணும். ரத்தத்துல எறங்கவிடக் கூடாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை வீட்டுக்கு வரும்வரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

களிம்புப் பெட்டிக்குள் எட்டாக மடித்த தாள் இருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படித்தேன். தோல் மெலியும், கண்ணில் புரை விழலாம், குழந்தைகளுக்கு வளர்ச்சி குறையலாம் என்று பதினேழு தீங்குகள் போட்டிருந்தன. இரண்டு முறை எண்ணினேன். பதினேழுதான். இத்தனை சிறிய உடம்பில் என் விரல் அளவு எதற்கு? குழந்தைக்கான மருந்தைக் குழந்தையின் விரலால் அளப்பதுதான் நியாயம் என்று தீர்மானித்தேன். மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் டாக்டருக்குப் போன் போடுவாள்.

தினமும் குளித்து முடித்ததும் பேத்தி ஆள்காட்டி விரலை நீட்டுவாள். அதன்மேல் முதல் கோடு வரை பிதுக்குவேன். ஒரு உளுந்து அளவு வரும். அதை என் விரலில் எடுத்து, இரண்டு காலுக்கும் பங்கிட்டுத் தடவுவேன். விளையாட்டுப்போல அவளுக்குப் பிடித்துவிட்டது.

புண் ஆறவில்லை. மகள் கத்திரிக்காயை நிறுத்தினாள், கருவாட்டை நிறுத்தினாள், சோப்பை மாற்றினாள். போர் தண்ணீர்தான் காரணமென்று கேன் தண்ணீரில் குளிப்பாட்டினோம். பகலில் பேத்தி தூங்கும்போது கைகளுக்குப் பருத்திக் காலுறை மாட்டிவிடுவேன். அப்படியும் சொறியும் சத்தம் கேட்கும். செய்தித்தாளை வைத்துவிட்டு அதையே எண்ணிக்கொண்டிருப்பேன். எழுந்த பிறகு விரிப்பை உதறினால் உமி மாதிரித் தோல் உதிரும். விரிப்பில் ரத்தப் பொட்டுகள். ஒருநாள் ஆறு, ஒருநாள் பதினொன்று.

எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். "அண்ணே, புள்ளைக்கு மீனு கீனு குடுத்தீகளா?"

"இந்த வீட்டுல கத்திரிக்காயே வாங்குறதில்ல."

"அப்ப கண்ணுதேன். சுத்திப் போடுங்க."

மகள் அன்று சாயங்காலம் மிளகாய் சுற்றிப் போட்டாள். தெரு முழுக்க நெடி ஏறியது. பேத்தி தும்மினாள்.

களிம்பு வைக்கத் தொடங்கிய இருபத்து நான்காம் நாள் முழங்காலின் பின்னால் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டியது. லேசான வாடை. வெப்பமானி தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு காட்டியது. மறுநாள் தொண்ணூற்றொன்பது. அதற்கு மறுநாள் பிற்பகல், சாப்பாடு வேண்டாம் என்று என் மடியில் வந்து படுத்தாள். வேட்டியைத் தாண்டி உடம்பு சுட்டது. நூற்றிரண்டு புள்ளி எட்டு.

மகளுக்குப் போன் செய்துவிட்டு ஆட்டோவில் ஏறினேன். கோரிப்பாளையம் சிக்னலில் வண்டி நின்றது. சிவப்பு எண்கள் எண்பத்தேழிலிருந்து இறங்கின. பேத்தியின் மூச்சையும் சேர்த்து எண்ணினேன். எண்கள் பூச்சியத்துக்கு வருவதற்குள் அவள் அறுபது முறைக்கு மேல் மூச்சு விட்டிருந்தாள். முன்னால் நின்ற பஸ் நகரவில்லை. எண்கள் மறுபடி மேலே போய்விட்டன.

மகள் எங்களுக்கு முன்பே வந்து கிளினிக் வாசலில் நின்றாள். டாக்டரம்மா பொருக்கைப் பார்த்ததும் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார். சாயங்காலம் கட்டிலருகே வந்தார். பேத்தியின் இடது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"அந்த ட்யூப் எத்தன வாங்குனீங்க சார்?"

"ஒண்ணுதான். இன்னும் முக்கால்வாசிக்கு மேல இருக்கு," என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அவர் அதைக் கையில் வைத்துப் பார்த்தார். "இருபத்தாறு நாள்ல நாலாவது காலியாயிருக்கணுமே. எப்படி வைப்பீங்க? காட்டுங்க."

நான் வாய் திறக்குமுன், ட்யூப்பைப் பார்த்த பேத்தி வலது கையின் ஆள்காட்டி விரலை நீட்டினாள். கண்ணைக்கூட முழுசாகத் திறக்கவில்லை. பழக்கம்.

டாக்டரம்மா அந்த விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மகள் சுவரைப் பார்த்தாள்.

"பதினேழு போட்டிருந்துச்சு அந்தத் தாள்ல," என்றேன்.

"அப்பா, கொஞ்சம் வெளியில இருங்க," என்றாள் மகள்.

ஐந்து நாள் டிரிப்ஸ் ஏறியது. ரத்தத்தில் இறங்கவில்லை, விளிம்பில் நின்றது என்று டாக்டரம்மா சொன்னார். வீட்டுக்கு வந்தபின் தினமும் மகளே மருந்து வைத்தாள். மூன்றாம் வாரம் கால்களில் தோலின் நிறம் திரும்பியது. என் பொறுப்பில் வெப்பமானி மட்டும் மிஞ்சியது. மகள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நேற்று அவள் பள்ளிக்கூடம் போனபின் பேத்தி முழங்காலுக்குப் பின்னால் சொறிந்தாள். திருப்பிப் பார்த்தேன். ஒரு இடம், ஐந்து ரூபாய்க் காசு அளவு, சிவப்பு. உடனே மகளுக்குப் போன் செய்தேன். வகுப்பில் இருந்தாள் போலிருக்கிறது. பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

"அலமாரியில மேல் தட்டுல இருக்கு. ரொம்ப வேணாம், அந்த இடம் மூடுற அளவுக்கு. கொறைச்சிராதீங்க," என்றாள். பிறகு, "உங்க விரல்ல," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ட்யூப்பைக் கொண்டு வந்ததும் பேத்தி விரலை நீட்டினாள். நான் அதை மடக்கிவிட்டு என் விரலில் பிதுக்கினேன். அந்த இடம் மூடி, சுற்றிலும் ஒரு விரற்கடை பளபளத்தது.

"தாத்தா, இம்புட்டா?"

"ஆமா. இம்புட்டு."

பிறகு வெப்பமானியை அவள் அக்குளில் வைத்து, கையை மடித்துப் பிடித்துக்கொண்டு, அது சத்தமிடக் காத்திருந்தேன்.