அமாவாசை டூரும் தாம்பரம் தாண்டாத கைடும்

1. வேலை கிடைத்த விதம்

காஞ்சிபுரத்தில் அமாவாசையன்று தறி ஓடாது. அறுபதுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த பஸ் கம்பெனி முதலாளிக்கு அந்த ஒரு நாள் ஓய்வின் மேல் கண் விழுந்தது. அத்தனை நெசவாளர் குடும்பங்களும் வீட்டில் சும்மாதானே இருக்கின்றன, ஸ்பெஷல் பர்மிட் எடுத்து ஒரு பஸ்ஸை மெட்ராஸுக்கு விட்டால் என்ன என்று யோசித்தார். காலையில் போய் எல்லா இடத்தையும் சுற்றிக் காட்டிவிட்டு ராத்திரி கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். அதற்கு ஒரு கைடு தேவைப்பட்டது.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. பஸ் ஸ்டாண்டுக் கொட்டகையில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கும் புக்கிங் கிளார்க். கல்யாணமாகி இரண்டு வருஷம். கொட்டகையில் உட்கார்ந்தே காலம் போய்விடுமோ என்ற பயம் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

முதலாளி வீட்டில் தெலுங்கு பேசுபவர். எங்களிடம் பேசும்போது தெலுங்கும் தமிழும் கலந்து வரும். என்னைக் கூப்பிட்டு, "ஏமிரா சண்முகம், மெட்ராஸ் தெரியுமா உனக்கு?" என்றார்.

"நல்லா தெரியுங்க," என்றேன்.

என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நான் தாம்பரத்தைத் தாண்டியதே இல்லை. தாம்பரம் போனதும் ஆஸ்பத்திரியில் இருந்த சித்தப்பாவைப் பார்க்க ஒரே ஒரு தடவை. பழைய புத்தகக் கடையில் மெட்ராஸ் பற்றி ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தது. பத்து நாள் அதை மனப்பாடம் செய்தேன். கடற்கரையின் நீளம், கோட்டை கட்டிய வருஷம், மியூசியத்தில் இருக்கும் திமிங்கில எலும்பு, எதைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்லுவேன். எந்தத் தெருவில் திரும்பினால் எது வரும் என்பது மட்டும்தான் தெரியாது.

2. ஹாரன் பாஷை

முதல் டூர் அன்று விடியற்காலையில் எங்கள் ஊர் நெசவாளர் பேட்டையான பிள்ளையார்பாளையத்தில் பஸ் நிறைந்துவிட்டது. கட்டுச்சோறு, பித்தளைக் கூஜா, ஊதுகிற தலையணை என்று ஆளுக்கொரு மூட்டை. நான் தலையை எண்ணிவிட்டு ரைட் கொடுக்கப் போகும் நேரத்தில் முதலாளி வெள்ளைச் சட்டையும் அங்கவஸ்திரமுமாக ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். முதல் டூராயிற்றே, தானும் வந்து பார்க்கப் போகிறாராம். நான் இடங்களின் லிஸ்டை இன்னொரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

டிரைவர் காதர் பாய். லாரி ஓட்டிய காலத்தில் மெட்ராஸில் அவர் சக்கரம் படாத சந்து கிடையாது. பூந்தமல்லியில் டீக்கு நிறுத்தியபோது அவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போய் உண்மையைச் சொன்னேன். அவர் டீயை முழுசாகக் குடித்து முடித்தார். பிறகு சிரித்தார். அப்புறம் ஒரு யோசனை சொன்னார். பார்க்க வேண்டிய இடம் இடது பக்கம் வந்தால் ஒரு ஹாரன், வலது பக்கம் வந்தால் இரண்டு ஹாரன். இடங்கள் என் லிஸ்டில் உள்ள வரிசைப்படியே வரும். நான் கையைக் காட்டிப் பேச வேண்டியதுதான் பாக்கி.

மியூசியம் வரைக்கும் அது அற்புதமாக நடந்தது. ஒரு ஹாரன், ஒரு கை, ஒரு பிரசங்கம். மெட்ராஸ் ஜனங்கள் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றும் சொல்வார்கள். அதையும் சேர்த்துச் சொன்னேன். முதலாளி திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

மியூசியத்தை விட்டுப் புறப்பட்டோம். லிஸ்டில் அடுத்தது உயிர் காலேஜ். பெரியமேட்டில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. காதர் பாய் நிஜமாகவே ஹாரன் அடித்தார், ஒரே ஒரு தடவை. நான் இடது பக்கம் கையை நீட்டி, "இதோ பாருங்க, இதுதான் உயிர் காலேஜ். சிங்கம், புலி, கரடி எல்லாம் இங்கதான் இருக்குது," என்றேன்.

பஸ்ஸில் எல்லோரும் இடது பக்க ஜன்னல்களுக்குப் பாய்ந்தார்கள். அது ஒரு தோல் மண்டி. வாசல்வரைக்கும் உப்புப் போட்ட மாட்டுத் தோலை அடுக்கி வைத்திருந்தார்கள். நாற்றம் குப்பென்று உள்ளே வந்தது.

நடு சீட்டில் தனபாக்கியம் என்ற அம்மாள் இருந்தார். புருஷனோடு சேர்ந்து இருபது வருஷமாகப் பட்டுத் தறியில் உட்கார்ந்தவர். அவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "ஏம்பா, எல்லாத்தையும் உரிச்சில்ல வச்சிக்கிறாங்க?"

பஸ் குலுங்கக் குலுங்கச் சிரித்தது. காதர் பாய் ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்துவிட்டார். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி என் முகத்தையே பார்த்தார். நிஜமான உயிர் காலேஜில் சிங்கத்தின் முன்னால் நின்றபோதும் எனக்கு அந்தப் பார்வைதான் பயமாக இருந்தது.

3. கடல்

சாப்பாடு முடிந்து கோட்டையைக் கடந்து கடற்கரை ரோட்டுக்குப் போனோம். கடலுக்கென்று என்னிடம் ஒரு நீளமான பிரசங்கம் தயாராக இருந்தது. காதர் பாய் ஒரு ஹாரன் அடித்தார். "அன்பர்களே, நமக்கு இடது பக்கம்," என்று ஆரம்பித்து நானும் திரும்பிப் பார்த்தேன்.

பிரசங்கம் அதோடு நின்றுவிட்டது.

மழைக்காலத்தில் நிரம்பிய எங்கள் ஊர்ப் பக்கத்துத் தென்னேரி ஏரியைப் பார்த்திருக்கிறேன். கடல் என்றால் அதைவிடப் பெரிதாக, தூரத்தில் ஒரு கரையோடு இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதற்கு அந்தப் பக்கமே இல்லை. தண்ணீர் போய் வானத்தில் முட்டிக்கொண்டு நின்றது. நான் நின்ற இடத்தைவிட அது உயரத்தில் இருப்பதுபோல் தெரிந்தது.

பஸ் நின்றது. கைடு கடைசியாக இறங்க வேண்டும், தலையை எண்ண வேண்டும், கூடும் நேரத்தைச் சொல்ல வேண்டும். நான் எதையும் செய்யவில்லை. முதலாளியின் காலைத் தாண்டிக் குதித்து இறங்கி மணலில் ஓடினேன். முதல் அலை முழங்காலிலும் இரண்டாவது இடுப்பிலும் அடித்தது. இரவல் வாங்கிப் போட்டிருந்த பேண்ட் நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. வாயில் உப்புக் கரித்தது. நான் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பதே சிறிது நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

பயந்து திரும்பிப் பார்த்தால், மொத்த பஸ்ஸும் என் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்கள், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பெண்கள். தனபாக்கியம் அம்மாள் வந்த வேகத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அலை வரும்போதெல்லாம் குதித்தார். அவர் புருஷன் ஏகாம்பரம் பக்கத்தில் நின்று கடலையே உற்றுப் பார்த்துவிட்டு, மயில் கழுத்து என்று கலருக்குப் பெயர் வைத்தார். அதெல்லாம் இல்லை, நெடுக்கே ஓடும் பாவு பச்சை, குறுக்கே ஓடும் ஊடை நீலம், அதனால்தான் அசையும்போது இரண்டாகத் தெரிகிறது என்று இந்த அம்மாள் மறுத்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு புருஷனும் பெண்டாட்டியும் கலர் சண்டை போட்டார்கள்.

முதலாளி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஈர மணலின் ஓரத்தில் நின்றிருந்தார். நான் சொட்டச் சொட்ட அவர் முன்னால் போய் நின்றேன்.

"இதுக்கு முந்தி கடல் பாத்துக்கிறியா?"

"இல்லீங்க."

"மெட்ராஸ்?"

"தாம்பரம் வரைக்கும்தாங்க."

அவர் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கொட்டகை வேலையும் போயிற்று என்று தெரிந்துவிட்டது. வீட்டில் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன். அதற்குள் தனபாக்கியம் அம்மாள் புடவையைப் பிழிந்துகொண்டே வந்து சேர்ந்தார்.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க மொதலாளி. தெரிஞ்ச ஆளா இருந்தா மணல்ல நிக்க வச்சு பேசிக்கினே இருந்திருப்பாரு. நாங்களும் கேட்டுக்கினு நின்னுட்டு, கால நனைக்காமலே பஸ் ஏறியிருப்போம்."

முதலாளி தண்ணீரில் கிடந்த கூட்டத்தைப் பார்த்தார். வயசான ஒருவர் உட்கார்ந்தபடியே அலையில் உருண்டுகொண்டிருந்தார். முதலாளி என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "சாயங்காலம் வரைக்கும் வேல இருக்குது. அத ஒழுங்கா செய்யி."

4. மிச்சமிருந்த மெட்ராஸ்

பஸ் கிளம்பியதும் நான் எழுந்து நின்று எல்லோரிடமும் ஒப்புக்கொண்டேன். எனக்கும் இதுதான் முதல் தடவை, இனிமேல் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்கிறேன் என்றேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நான் எதிர்பார்க்காத ஒன்று அதற்குப் பிறகு நடந்தது. பஸ்ஸுக்குள் ஆளாளுக்கு வழிகாட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவருக்கு மூர் மார்க்கெட்டில் கிளி விற்கும் இடம் தெரிந்திருந்தது. இன்னொருவர், மவுண்ட் ரோட்டுப் பதினாலு மாடிக் கட்டடத்தைக் கழுத்து வலிக்காமல் எங்கிருந்து பார்க்கலாம் என்று சொன்னார். யாருக்கும் தெரியாத இடத்தில் நான் இறங்கிப் போய்க் கேட்டேன். மீன்காரம்மாள், ரிக்ஷாக்காரர், பலூன் விற்பவர் என்று யாரைக் கேட்டாலும் சந்தோஷமாகச் சொன்னார்கள். படகோரம் வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒருவரைப் பஸ்ஸுக்குள்ளேயே ஏற்றிவிட்டேன். அமாவாசைக்குத் தண்ணீர் ஏன் மேலேறி வருகிறது என்பதை அவர் படியில் நின்று சொன்னார். என் பத்து நாள் மனப்பாடத்தில் அது இல்லை.

ஊர் திரும்பி எல்லோரும் இறங்கும்போது, அடுத்த அமாவாசைக்குத் தங்கைக்கும் மச்சானுக்கும் சீட்டு வேண்டும் என்று முதலாளியிடம் ஆறேழு பேராவது சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியாக நான் மட்டும் நின்றேன்.

"நாளைக்கு நீ கொட்டாய்க்கு வராத," என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு மிச்சத்தையும் சொன்னார். "மெட்ராஸ் போ. பதினஞ்சு நாள் நடந்தே சுத்து. அப்புறம் வந்து தெரியும்னு சொல்லு."

திருவல்லிக்கேணியில் காதர் பாயின் மைத்துனர் வீட்டு மாடியில் படுத்துக்கொண்டு பதினைந்து நாளும் நடந்தேன். என் சர்வீஸிலேயே சந்தோஷமான நாட்கள் அவைதான். எந்த வாசலில் நிழல் இருக்கும், எந்தக் குழாயில் நல்ல தண்ணீர் வரும், பெண்களுக்கு ஒதுங்க எங்கே இடம் இருக்கிறது என்பதையெல்லாம் குறித்துக்கொண்டேன். எந்தப் புத்தகத்திலும் இவை இல்லை. டூர் வந்தவர்கள் முதலில் கேட்பதோ இவற்றைத்தான்.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டே விஷயம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள், வண்டியில் இருக்கும் அத்தனை பேரும் உங்களுக்குத் துணைக்கு வருவார்கள். கடலுக்கு முன்னால் மட்டும் தெரிந்ததையும் சொல்லாதீர்கள்.

இரண்டாவது டூருக்கு என் மனைவியையும் கூட்டிப் போனேன். அப்போது எனக்குக் கடற்கரையின் நீளமும் தெரியும், அங்கே நிற்கும் சிலை ஒவ்வொன்றின் கதையும் தெரியும். பஸ் நின்றதும் அவள் படியிலேயே நின்றுவிட்டாள். இறங்குவதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டி, "செருப்ப என்கிட்ட குடு," என்றேன். அன்றைக்குக் கடற்கரையில் கைடு பேசியது அவ்வளவுதான்.