டாக்டரம்மாவின் இயந்திர மகளும் என் சிடி கடையும்

சிடி வாடகைக்கு விடுகிறவன், படம் எடுத்தவன் வாங்க வேண்டிய ஏச்சையும் சேர்த்து வாங்க வேண்டும். இப்படி ஒரு கடை வைத்து நொந்துபோனவர்கள் யாராவது இதை வாசித்தால் என்னை விளங்கிக்கொள்வீர்கள். யுத்தம் முடிந்த கையோடு மட்டக்களப்பு டவுனில் இருந்த என் கடைக்கு ஓர் இங்கிலீஷ் படம் வந்தது. செத்துப்போன மகளைப் போலவே ஓர் இயந்திரப் பெண்ணைச் செய்கிறார் ஒரு டாக்டரம்மா. அது சிரிக்கும், அழும், பொய்யும் சொல்லும். படத்தில் மருந்துக்கும் தமிழ் இல்லை. ஆகவே கதை விளக்குகிற வேலையும் என் தலையில் விழுந்தது.

வட்டைக்கு உதவாத மெசின்

முதலில் மாட்டியவர் வவுணதீவுப் போடியார், ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருப்பவர். நெல் வெட்டுக்கு ஆள் கிடைக்காத கவலையில் இருந்த மனிதர். அரை மணித்தியாலம் நின்று கதை சொன்னேன். அதற்குச் சாப்பாடு வேண்டாமா, நித்திரை வேண்டாமா, கூலி கேட்காதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். முகம் மலர்ந்தது. வட்டையில் இறங்கி வயல் வேலை செய்யத் தெரியுமா என்று கேட்டார். அது பியானோ மட்டும் வாசிக்கும் என்றதும் சிடியை மேசையில் வைத்துவிட்டார்.

“இவ்வளவு மூளையைச் செலவழிச்சுப் பொம்புளப் புள்ளையையா செஞ்சவ? ரெண்டு எருமைக்கடாவைச் செஞ்சிருந்தா வட்டைக்குள்ள இறக்கியிருக்கலாமே மனே!”

நெஞ்சுக்குள் வயர்

கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வீடுகளுக்கு நானே மோட்டார் சைக்கிளில் சிடி கொண்டுபோவேன். பாலத்தடி இராணுவச் சாவடி அப்போதும் இருந்தது. அன்றைக்கு நின்ற சிப்பாய் ஒவ்வொரு உறையாகத் திருப்பிப் பார்த்தார். இந்தப் படத்தின் உறையில் அந்தப் பெண்ணின் நெஞ்சு திறந்திருக்கும், உள்ளே முழுக்க வயர். போதாதா? என் அடையாள அட்டையை, ஐசியை, வாங்கிக்கொண்டு என்னை வெயிலில் நிறுத்திவிட்டுத் தன் மேலதிகாரியான பெரியவரைக் கூப்பிட்டார்.

எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் டாக்டரம்மாவின் கதையை முதலிலிருந்து சொன்னேன். குண்டு இல்லை, ஆளும் இல்லை, மெசின் என்று சத்தியம் பண்ணாத குறை. பெரியவர் உறையைக் கிட்டப் பிடித்து அந்த முகத்தைக் கனநேரம் பார்த்தார். பிறகு தன் தமிழில் கேட்டார்:

“மெசின் சரி. ஆனா பார்க்க மனுசி மாதிரித்தானே? ஐசி எங்க?”

லீவில் வந்தவர்

எல்லாரும் நானா என்று கூப்பிடும் காத்தான்குடி அண்ணன் ஒருவர் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்தார். படத்தை எடுத்துப்போன அன்றே திருப்பிக் கொண்டுவந்தார். சிடி சிக்குகிறதா என்று பயந்துபோய்க் கேட்டேன். இல்லை என்றார். விளங்கவில்லையா என்றேன். நல்லாய் விளங்கியதாம், அதுதான் பிரச்சினையாம்.

“நித்திர இல்ல, சொன்னதச் செய்யணும், வாய் தொறக்கப்படாது. தம்பி, எட்டு வருசமா நான் அங்க பாக்கிற வேலைய எனக்கே காட்டுறீங்களா?”

பூமணியக்காவின் கேள்வி

பூமணியக்கா கடற்கரைப் பக்கம் இருந்தவர். சுனாமியில் மகள் ராசாத்தி போனாள், பதினாறு வயது. வீடும் போனது. யாரோ வீட்டில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தார். இவருக்கும் கதை சொல்ல வேண்டுமே என்று சலிப்போடு எழும்பினேன். அவர் கதை கேட்கவில்லை. மகளின் முகத்தை டாக்டரம்மா எதைப் பார்த்துச் செய்தார் என்று கேட்டார். போட்டோவைப் பார்த்துத்தான் என்றேன், யோசிக்காமல்.

“அப்ப எனக்கு ஏலாது தம்பி. ஒரு போட்டோவும் இல்ல, எல்லாத்தையும் கடல் கொண்டுபோயிற்று. அவள்ர முகம் எனக்கே மறந்து மறந்து போகுது.”

மூன்று செக்கன்

சுனாமிக்கு முன்பு நான் கல்யாண வீடியோ எடுத்தவன். பூமணியக்காவின் ஊரிலும் இரண்டு கல்யாணம் எடுத்திருந்தேன், ராசாத்தியை அங்கே கண்ட ஞாபகமும் இருந்தது. கசெட்டுகளில் பூஞ்சணம். துடைத்து, காயவைத்து, பழைய டெக்கில் போட்டு, அவள் எங்காவது இருக்கிறாளா என்று நாலு நாள் பார்த்தேன். எத்தனை பேர் சாப்பிடுவதை எடுத்து வைத்திருக்கிறேன், மடையன்! ஒரு குத்துவிளக்கை மட்டும் ஐந்து நிமிடம் எடுத்திருக்கிறேன்.

கடைசியில் கிடைத்தாள். பச்சைப் பாவாடை, கையில் பன்னீர்ச் செம்பு. மூன்று செக்கன். நான் லைட்டை நேரே முகத்தில் அடித்திருக்கிறேன். வெளிச்சம் கூசி, முகம் முழுதாய்த் தெரியுமுன் மற்றக் கையால் அதைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். “கையை எடு புள்ள” என்று நான் கத்துவதும் பதிவாகியிருந்தது.

பூமணியக்காவை உட்காரவைத்து அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திக் காட்டினேன். அவர் எழும்பிப்போய் டிவியைத் தொட்டார். அவள்தான், அந்தக் கையில் இருக்கிற காப்பு நான் வாங்கிக் கொடுத்தது என்றார். அழவில்லை. என் பக்கம் திரும்பி, பக்கத்து வீட்டில் சீனி கேட்கிறவர் போல மெதுவாகக் கேட்டார்:

“தம்பி, அந்தக் கையை மட்டும் கொஞ்சம் எடுத்துவிட ஏலாதா?”

மனிதரைப் போல அழவும் பொய் சொல்லவும் இயந்திரத்துக்குப் பழக்கிவிட்டார்களாம். நான் அன்றைக்கு அவருக்கு ஒரு பொய்கூடச் சொல்லத் தெரியாமல் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.