முதுகில் மடித்துப் போட்ட சாக்கு

முதலில் வெறும் எரிச்சல்தான். இடுப்புக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்கு. வெயில் காலம், வேர்க்குரு என்று நினைத்தேன். உங்கள் அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். மறுநாளும் அதே முதுகில் அதே டேங்க்கை மாட்டிக்கொண்டு வாழைத் தோட்டத்துக்குக் களை மருந்து அடிக்கப் போனேன்.

திவ்யா, சரண், இதை உங்களுக்காக எழுதுகிறேன். அப்பாவோ அம்மாவோ மருந்தடிக்கப் போகிற வீட்டுப் பிள்ளைகள் வேறு யார் படித்தாலும் சரி. நான் எட்டாவதோடு நின்றவன். பெரிய வார்த்தை வரும் இடத்தில், ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எனக்குச் சொன்னபடியே விளக்கம் போட்டிருக்கிறேன்.

சத்தியமங்கலம் பக்கம் எங்கள் வேலையில் ஒரு வழக்கம். டேங்க் தோட்டத்துக்காரருடையது, முதுகு நம்முடையது. அவர் எதைக் கொடுக்கிறாரோ அதைத்தான் மாட்ட வேண்டும். எனக்குக் கொடுத்ததில் மூடியின் வாஷர் தேய்ந்துபோயிருந்தது. குனிந்தால் கசியும்.

"ஏனுங்க, ஒரு வாஷர் மாத்திக் குடுத்தீங்கன்னா தேவலைங்க."

"சத்திக்குப் போறப்ப வாங்கிட்டு வாரேன்ப்பா."

வாரம் தவறாமல் சத்திக்குப் போகிறவர்தான்.

நாங்கள் எல்லோரும் கோணிச்சாக்கை நாலாக மடித்து முதுகுக்கும் டேங்க்குக்கும் நடுவில் வைத்துக்கொள்வோம். டேங்க் உறுத்தாது. கசிகிற மருந்தையும் சாக்கு குடித்துக்கொள்ளும், உடம்பில் படாது என்று நம்பினோம். உச்சி வெயிலில் அந்த ஈரம் ஜில்லென்று சுகமாகக்கூட இருந்தது.

எரிச்சல் கொப்புளமாகித் தோல் உரிந்தது. பிறகு வாந்தி. பிறகு சிறுநீர் சுத்தமாகக் குறைந்துபோனது. கோவையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அங்கே களை மருந்து என்ற சொல்லைக் கேட்டவுடன் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். சீட்டுப் போடுகிறவர், நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரரின் மாமியார் வரைக்கும். "எப்பக் குடிச்சாரு? ஊட்ல ஏதாச்சும் சண்டையா?" காரிடாரில் நின்று பதில் சொல்லிச் சொல்லி உங்கள் அம்மாவின் குரல் கட்டிப்போயிற்று. கடைசியில் டாக்டரம்மாவிடம் சொன்னாள்:

"அவரு குடிக்கலீங்க. முதுகுல சொமந்தாருங்க."

டாக்டரம்மா என்னைத் திருப்பிப் படுக்க வைத்து முதுகைப் பார்த்தார். சாக்கு விஷயத்தை மெதுவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"சாக்கு மருந்தக் குடிச்சுதுன்னு சொல்றீங்க. குடிச்சத எங்கே கொண்டு போய் விட்டுச்சு? காலையிலிருந்து சாயந்தரம் வரைக்கும் உங்க தோல்லதான். தோல் ஏற்கெனவே உரிஞ்சிருக்கு. அது வழியா ரத்தத்துக்குப் போயிடுச்சு."

டயாலிசிஸ் (சிறுநீரகம் படுத்துவிட்டால் ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்தம் செய்து திரும்ப அனுப்புவது) செய்தார்கள். சிறுநீரகம் தேறிக்கொண்டது. அதற்குள் நெஞ்சு பிடித்துக்கொண்டது. மூச்சு முட்டியது. பக்கத்துக் கட்டிலில் ஆக்சிஜன் ஓடுகிற சத்தம் கேட்கிறது, எனக்கு வைக்கவில்லை. இந்த மருந்து உள்ளே போனவர்களுக்கு ஆக்சிஜனே நுரையீரலை மேலும் புண்ணாக்குமாம். உயிருக்கு மோசம் என்றால்தான் வைப்பார்களாம். பக்கத்துக் கட்டிலைப் பார்க்காமல் இருக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

தோட்டத்துக்காரர் ஒரு நாள் ஆப்பிளோடு வந்தார். நலம் விசாரித்தார். எழுந்து போகும்போது, "ஏப்பா, அந்த டேங்க்கோட நாசில எங்க கழட்டி வெச்சே?" என்று கேட்டார். மருந்து பீய்ச்சுகிற அந்த முனை பம்ப்செட் ரூமில் ஆணியில் தொங்குகிறது என்று சொன்னேன். அந்த டேங்க் இப்போது வேறொருவர் முதுகில் இருக்கிறது.

உயிரோடு வீடு வந்து சேர்ந்தேன். ஆனால் பைப்ரோசிஸ் (நுரையீரல் தழும்பேறி இறுகிப்போவது) போகாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

இனி வேலைக்குப் போக வேண்டியது உங்கள் அம்மா. அவளுக்குத் தெரிந்தது கைக்களை எடுப்பது. அந்த வேலைக்கு இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.

"களைக்கொத்த எடுத்துட்டுப் போய் யாரு தோட்டத்துல நிக்கறது? அதான் நீங்க எல்லாத்தையும் மருந்தடிச்சே காயப் போட்டுட்டீங்களே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. அவளும் மருந்தடிக்கவே போகிறாள் என்று ஆனது. வேண்டாம் என்று சொன்னால் பிழைப்புக்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. டேங்க் மட்டும் நம்முடையதாக இருக்கட்டும், நான்தான் பார்த்து எடுப்பேன் என்றேன்.

சத்தியில் டேங்க் விற்கிற கடைக்காரர் பேட்டரி எத்தனை நேரம் நிற்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் தண்ணீர் கேட்டேன்.

"புது டேங்க்குல யாருங்க தண்ணி ஊத்திப் பாக்கறாங்க?"

"நான் பாக்கறனுங்க."

நிறைய ஊற்றி அம்மாவின் முதுகில் மாட்டி, முழுசாகக் குனியச் சொன்னேன். முதலாவதில் மூடியோரம் சொட்டியது. அடுத்ததில் குழாய் சேருமிடத்தில் ஈரம் பூத்தது. விசையை விட்ட பிறகும் நாசிலில் சொட்டுகிறதா என்று காத்திருந்து பார்த்தேன்.

"பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இத்தன நேரம் என்னையப் பாக்கலீங்க இந்த மனுசன்" என்று அம்மா கடைக்காரரிடம் சொன்னாள்.

கசியாததாக இரண்டு நின்றன. ஒன்றில் முதுகுப் பக்கமும் தோளில் மாட்டும் பட்டையிலும் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. கடைக்காரர் அதைத்தான் எடுத்துக் கொடுத்தார். "அம்மணிக்கு இது மெத்துன்னு இருக்குமுங்க."

"இருக்குமுங்க. அதனாலதான் வேண்டாங்கறேன்" என்றேன். பஞ்சும் குடிக்கும். வெறும் பிளாஸ்டிக் முதுகு உள்ளதை வாங்கினோம். மழைக்கோட்டும் சோப்பும் வாங்கினோம். மருந்து பட்டால் அப்போதே கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

முதல் நாள் காலையில் வாசலில் பார்த்தால், உங்கள் அம்மா கோணிச்சாக்கை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். அத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவள்தான். "உறுத்துதுங்க" என்றாள். பிடுங்கி அடுப்பில் வைத்தேன். அவள் மழைக்கோட்டின் மேல் டேங்க்கை மாட்டிக்கொண்டு போனாள்.

முன்பெல்லாம் எனக்கு நேரம் என்பது டேங்க் கணக்கு. ஒரு டேங்க் காலியானால் ஒரு பீடி, அடுத்தது காலியானால் சோறு. இப்போது கட்டிலிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை போய்வருவதே ஒரு டேங்க் நேரம். நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டும். என் உடம்பு வீட்டிலும் பொழுது தோட்டத்திலுமாக இருக்கிறது.

சாயந்தரம் அவள் வந்ததும் முதலில் திரும்பி நிற்கச் சொல்வேன். வாசம் பார்ப்பேன், முதுகில் கை வைத்துப் பார்ப்பேன். வேர்வை உப்பு மட்டும்தான் இருக்கும். தோளில் பட்டை அழுத்தி இரண்டு பக்கமும் கன்றிச் சிவந்திருக்கும். பஞ்சில்லாத அந்தப் பட்டை நான் பார்த்து எடுத்தது. அவளும் வலிக்கிறது என்று சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. குளித்துவிட்டு வா என்று சொன்ன பிறகுதான் எனக்கு அன்றைய பொழுது முடிகிறது.