எழுதாத ஈரம்

ஐந்து விரலையும் விரித்து மூட்டையின் வயிற்றில் அழுத்துகிறார் ஜெமீல். அழுந்தினால் அடுத்த மூட்டை. கல்லாக நின்றால் விரலை நக்கிக் கடலுப்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார், பிறகு எழுதுகிறார்: "இரண்டாம் தளம், மேலடுக்கு, ஈரம்." திருகோணமலைத் துறைமுகத்தில் இறங்கும் சரக்கைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது கிண்ணியாக்காரரான அவருடைய தொழில். வயது ஐம்பத்தாறு.

கப்பல் முகவர்களுக்கு அவரைப் பிடிக்காது. 'மூணு நாள் ஜெமீல்' என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் புதிதாக வருகிற எவரையும் இதைச் சொல்லாமல் அவர் விடுவதில்லை. "வாயால சொன்னது கடல்ல போயிரும். மூணு நாளைக்குள்ள தாளில போடுங்க. எழுதாட்டி அது நனையவே இல்ல."

எட்டு வருடங்களுக்கு முன் யூரியா கொண்டுவந்த கப்பலொன்றின் சரக்கறை மூடி வழியே கடல்நீர் ஒழுகி, மேலடுக்கு மூட்டைகள் இறுகிக் கிடந்தன. சேதம் என்று எழுதப்போனார். எழுதினால் இறக்குவதை நிறுத்திவிடுவேன் என்றான் கப்பல் அதிகாரி. சரக்கு வாங்கியது ஜெமீல் அப்போது வேலைசெய்த நிறுவனம்; அதன் மேலாளர் கொழும்பிலிருந்து தொலைபேசியில், இப்போதைக்குக் கையெழுத்திடுங்கள், சேதம் பற்றிய கடிதம் பிறகு அனுப்பலாம் என்றார். ஜெமீல் 'நல்ல நிலையில் பெற்றேன்' என்று கையெழுத்திட்டார். இடையில் சனி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா விடுமுறை. கடிதம் ஐந்தாம் நாள் போனது.

மூன்று நாளுக்குள் எழுத்தில் முறையிடாவிட்டால், சரக்கை நல்லபடி ஒப்படைத்ததாகவே சட்டம் கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது வாங்கியவர் பாடு. நிரூபிக்க மூட்டையே மிஞ்சவில்லை. நிறுவனம் கட்டிகளை உடைத்து, புதுப் பையில் தைத்து, மூதூர்ப் பக்கம் விற்று முடித்திருந்தது.

நிறுவனம் நட்டஈடு கேட்டுப் போட்ட வழக்கில் கப்பல் தரப்புச் சட்டத்தரணி, ஜெமீல் கையெழுத்திட்ட அந்தத் தாளை நீட்டினார்.

"இது உங்கட கையெழுத்தா?"

"ஓம் சேர். ஆனா அண்டைக்கு..."

"கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க."

"ஓம். என்ட கையெழுத்துதான்."

வழக்குத் தோற்றது. மேலாளர் தான் அப்படிச் சொன்னதே இல்லை என்றார். வேலையை இழந்தது ஜெமீல் ஒருவர்தான். இன்று கப்பல் வந்தால் மட்டும் கூப்பிடுகிற நாட்கூலி.

அந்த யூரியாவை நம்பி விதைத்தவர்களில் மூதூர் சாமித்தம்பியும் ஒருவர். பயிர் மஞ்சளாகவே நின்று கருகியது. வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு துறைமுகத்தில் காவல் வேலைக்கு வந்தார். "எங்கட மண்ணிலதான் ஏதோ பிழை" என்று உரக்கடையில் அவர் சொல்லிக்கொண்டிருந்ததை ஜெமீல் ஒருமுறை கேட்டிருக்கிறார். கேட்டதும் கடையை விட்டு வெளியேறினார்.

போன வாரம் ஒரு மாலை, கிண்ணியா வழியாகப் போகும் மூதூர் பஸ். காவலாளிச் சட்டையோடு இருந்த சாமித்தம்பி, துறைமுகத்தில் அடிக்கடி காணும் முகமாயிற்றே என்று அண்ணன் முறை சொல்லி நகர்ந்து இடம் விட்டார்.

"வாங்கோ நானா, இருங்கோ."

"இல்ல, கிட்டத்தான் இறங்கப்போறன்" என்றார் ஜெமீல்.

கிண்ணியா வரைக்கும் அந்த இருக்கை வெறுமையாகவே வந்தது. மேற்கம்பியை இரு கையாலும் பிடித்தபடி, சாமித்தம்பிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார் ஜெமீல்.